எத்தனை வீட்டுக்குப் போனீங்க சரி, எத்தனை பேர் நடந்தாங்க?

எங்க மொரப்பூர்ப் பக்கம் யாரும் பக்கவாதம்னு முழுசா சொல்ல மாட்டாங்க. "ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு", "வாதம் அடிச்சிருச்சு", அவ்ளோதான். சொல்ற தொனியிலேயே பாதி கேஸை மூடிருவாங்க. உசுரு பொழைச்சதே பெருசுன்னு ஆஸ்பத்திரியில இருந்து கூட்டிட்டு வருவாங்க. வாசல்ல ஒரு கட்டில். பக்கத்துல ஒரு சொம்பு. வர்றவங்க போறவங்க எல்லாம் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லிட்டுப் போவாங்க. ஒருத்தர் புறா ரத்தம்பார், இன்னொருத்தர் எண்ணெய்ம்பார். மூணு மாசம் கழிச்சு அந்தக் கட்டில் வீட்டுச் சாமான்ல ஒண்ணா ஆயிரும். அதுல படுத்திருக்கிற மனுஷனும்தான்.

இந்தப் பதிவு அந்தக் கட்டிலைப் பத்தி. இன்னும் சரியா சொன்னா, அதுல இருந்து எழுந்து நடக்கறதைப் பத்தி. நான் டாக்டர் இல்லீங்க, பிசியோதெரபிஸ்ட்டும் இல்ல. வீட்டுல ஒருத்தருக்கு வந்தப்ப தேடித் தேடிப் படிச்ச ஆளு. படிச்சதுல ஒரு கணக்கு உறுத்திக்கிட்டே இருக்கு. அதைத்தான் உங்ககிட்ட இறக்கி வைக்கப் போறேன்.

முதல்ல நல்லதைச் சொல்லிடறேன். மக்களைத் தேடி மருத்துவம் தெரியும்ல? 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில ஆரம்பிச்சாங்க. 2004 வரைக்கும் கிருஷ்ணகிரியும் எங்க தருமபுரி மாவட்டம்தான், அதனால கொஞ்சம் சொந்தம் கொண்டாடிக்கிறேன் :-) பிபி மாத்திரை, சுகர் மாத்திரை வீடு தேடி வர்ற திட்டம்னுதான் பலருக்கும் தெரியும். ஆனா அதுல இன்னொரு பகுதி இருக்கு. படுத்த படுக்கையா இருக்கறவங்களுக்கு வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட்டை அனுப்பறது. 2024-ல ஐ.நா. சபையோட விருது கூட இந்தத் திட்டத்துக்குக் கிடைச்சுது. கொடுத்ததுல தப்பே இல்ல. பஸ் ஏறவே முடியாத ஆளை "ஆஸ்பத்திரிக்கு வாங்க"ன்னு சொல்றது கிண்டல் பண்றதுக்குச் சமம். நாங்க வர்றோம்னு ஒரு அரசாங்கம் சொன்னதே பெரிய விஷயம்.

என் சண்டை எல்லாம் எண்ணிக்கையோடதான். "இத்தனை லட்சம் பேருக்கு சேவை"ன்னு அறிக்கை வருது. மாத்திரைக்கு அந்தக் கணக்கு சரி. மாத்திரையைக் கையில கொடுத்தாச்சுன்னா பெரும்பாலான வேலை முடிஞ்சுது. நடைப் பயிற்சி அப்படி இல்லையே. ஒரு தடவை வீட்டுக்கு வந்து சொல்லிக் கொடுத்துட்டுப் போனாலும் 1 பயனாளி, முப்பது தடவை வந்து நடக்க வச்சாலும் 1 பயனாளி. ரெண்டும் ஒண்ணா?

ஏன் ஒண்ணு இல்லைன்னு புரியணும்னா, கால் எப்படித் திரும்பி வருதுன்னு தெரியணும். மொரப்பூர்க்காரனாச்சே, ரயிலை வச்சே சொல்றேன். 1906-ல மொரப்பூர்ல இருந்து தருமபுரிக்குக் குறுகிய ரயில் பாதை போட்டாங்க. அப்புறம் ஓசூர் வரைக்கும் நீட்டினாங்க. 1941-ல அதை மூடிட்டாங்க. திரும்பப் பாதை போடறோம்னு 2019-ல அடிக்கல் நாட்டினாங்க. ஆக எழுபது எண்பது வருஷம் தண்டவாளமே கிடையாது. அதுக்காக மொரப்பூர்க்காரன் தருமபுரி போகாம இருந்தானா? ரோட்டு வழியாப் போனான். போகப் போக ரோடு அகலமாச்சு, பஸ் வந்துச்சு, வழியில கடை வந்துச்சு.

மூளையிலயும் கிட்டத்தட்ட இதே கதைதான். ரத்தம் போகாம செத்துப்போன செல்லு திரும்ப முளைக்கறதில்ல. அந்தத் தண்டவாளம் போனது போனதுதான். ஆனா சுத்தி இருக்கற பகுதிகள் கொஞ்சம் கொஞ்சமா அந்த வேலையை எடுத்துக்கும். எப்போ எடுத்துக்கும்? அந்த வழியில திரும்பத் திரும்ப ஆள் போனாத்தான். நடக்கறதுக்கு மருந்து, நடக்கறதுதான். நிக்கறதுக்கு மருந்து, நிக்கறது. கட்டில்ல படுத்துக்கிட்டு அடுத்தவங்க காலைத் தேய்ச்சு விட்டா சுகமா இருக்கும், மூட்டு இறுகாம இருக்கவும் அசைச்சு விடணும், நான் மறுக்கல. ஆனா தேய்க்கறவர் கைதான் வேலை செய்யுது. கால் எதையும் கத்துக்கல.

எங்க பெரியப்பாவுக்கு வந்தப்ப நடந்ததைச் சொல்றேன். ஒரு தனியார் இடத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. பத்து நாளைக்குக் கரண்ட் வச்சாங்க. நம்ம ஊர்ல பிசியோன்னாலே கரண்ட் வைக்கறதுதானே. கரண்ட் சிகிச்சைக்குன்னு ஒரு இடம் இருக்கு, தொங்கிப்போன பாதத்தைத் தூக்க உதவும்ங்கறாங்க. ஆனா அந்தப் பத்து நாள்ல ஒரு தடவை கூட மனுஷனை நிக்க வைக்கல. படுக்க வச்சாங்க, கரண்ட் வச்சாங்க, பில்லு கொடுத்தாங்க. பத்து நாள் போச்சு, காசும் போச்சு.

அப்புறம் வேற ஒரு பிசியோதெரபிஸ்ட் பொண்ணு வீட்டுக்கு வந்துச்சு. வந்ததும் முதல்ல கேட்டது, "வீட்டுல கை வச்ச பிளாஸ்டிக் சேர் இருக்குங்களா?" அதுதான் மிஷின்! சுவத்தோரமா சேரைப் போட்டு, "ஐயா, எழுந்து நில்லுங்க, உக்காருங்க. பத்து தடவை." பெரியப்பா முழு எடையையும் நல்ல கால்லயே போட்டு எழுந்திரிச்சார். அந்தப் பொண்ணு விடல. வாதம் வந்த காலைக் கொஞ்சம் பின்னாடி இழுத்து வச்சு, "இப்ப இந்தக் கால்ல அழுத்துங்க"ன்னுச்சு. முதல் நாள் நாலு தடவையிலயே வேர்த்து ஊத்திருச்சு. அடுத்த வாரம் பத்து. அப்புறம் திண்ணையைப் புடிச்சுக்கிட்டு எடையை இந்தக் கால் அந்தக் கால்னு மாத்தறது. பக்கவாட்டுல அடி எடுத்து வைக்கறது. ஒரு செங்கல் மேல காலைத் தூக்கி வைக்கறது. இப்போ கைத்தடியோட டீக்கடை வரைக்கும் போறார். போய் அரசியல் பேசி வம்பு வாங்கிட்டு வர்றார், அது வேற விஷயம் :-)

இது எங்க வீட்டு அதிர்ஷ்டம் மட்டும்னு நினைக்காதீங்க. 2011-ல அமெரிக்காவுல லீப்ஸ்னு ஒரு பெரிய ஆய்வோட முடிவு வந்துச்சு. பக்கவாதம் வந்த 408 பேர். ஒரு பக்கம், கயித்துல உடம்பைத் தொங்கவிட்டு ட்ரெட்மில்ல நடக்க வைக்கற மிஷின். இன்னொரு பக்கம், பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே போய் தசைக்கும் பேலன்ஸுக்கும் சொல்லிக் கொடுக்கற பயிற்சி. ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தா ரெண்டுக்கும் வித்தியாசம் இல்ல. மொத்தத்துல 52 சதவீதம் பேர் நடையில ஒரு படி மேல வந்திருந்தாங்க. அத்தனை பெரிய மிஷினும் வீட்டு வாசல் பயிற்சியும் ஒரே இடத்துல வந்து நின்னுச்சு. மிஷின் வாங்கக் காசில்லாத ஊருக்கு இதைவிட நல்ல சேதி வேணுமா?

ஆனா எழுத்துக் கூட்டிப் படிங்க, அந்த வீட்டுப் பயிற்சி எவ்வளவுன்னு. ஒரு ஆளுக்கு 36 தடவை. தடவைக்கு 90 நிமிஷம். மூணு நாலு மாசத்துக்குள்ள. கூட்டினா 54 மணி நேரம். மருந்துல டோஸ்னு சொல்றோம்ல, இதுதான் இங்க டோஸ். ஒரு நாள் வந்து பேப்பர்ல படம் போட்டுக் கொடுத்துட்டு "தினமும் பண்ணுங்க"ன்னு போறது, அம்பது மாத்திரை சாப்பிட வேண்டிய ஆளுக்கு ஒரு மாத்திரையைக் கொடுத்துட்டு வர்ற மாதிரி. இதுல பணக்கார நாடுகளும் ஒண்ணும் கிழிச்சிடல. அமெரிக்கா, கனடாவுல பிசியோ நேரத்துல நோயாளி எத்தனை அடி வைக்கறார்னு 2009-ல எண்ணிப் பார்த்திருக்காங்க. சராசரியா 357 அடி. நம்ம ஆளு வீட்டுல இருந்து தெருமுனைக்குப் போய்த் திரும்பற தூரம் கூட வராது.

இப்போ நம்ம கணக்குக்கு வருவோம். இந்தத் திட்டத்துல பிசியோதெரபிஸ்ட் ஒரு வட்டாரத்துக்கு ஒருத்தர்ங்கற கணக்கு. அவர் ஒரு நாளைக்கு நாலு வீடு போறார்னு வச்சுக்குவோம். ஊரு விட்டு ஊரு, அதுவும் எங்க பக்கத்து ரோட்டுல, நாலே ஜாஸ்தி. மாசம் 25 நாள், ஆக 100 வீட்டு விசிட். ஒரு ஆளுக்கு வாரம் மூணு தடவைன்னா மாசம் 12, 13 தடவை. அப்போ ஒரே சமயத்துல எட்டு பேரைத்தான் ஒழுங்காப் பார்க்க முடியும். மூணு மாசத்துக்கு எட்டு பேர், வருஷத்துக்கு 32 பேர். மூட்டு வலி, முதுகு வலி, கை கால் சரியா வராத குழந்தைங்க இவங்க யாரையும் பார்க்காம, பக்கவாதத்தை மட்டும் பார்த்தா இந்த 32.

தேவை எவ்வளவு? இந்தியாவுல லட்சம் பேருக்கு வருஷம் 105-ல இருந்து 152 பேருக்குப் புதுசா பக்கவாதம் வருதுன்னு ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லியிருக்காங்க. லட்சம் ஜனம் இருக்கற வட்டாரம்னா நூத்துக்கு மேல. சிலர் பொழைக்க மாட்டாங்க, சிலருக்கு லேசா வந்து தானே சரியாயிரும். தாராளமா பாதியைக் கழிச்சுடுங்க. அப்பவும் அம்பதுக்கு மேல நிக்குது. 32 எங்க, 50 எங்க? அதுவும் பழைய கட்டில்காரங்க கணக்குல வரவே இல்ல.

இந்தக் கணக்குல ஒரே ஒரு பிசியோதெரபிஸ்ட் என்ன பண்ணுவார்? அம்பது வீட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சம் போவார். எல்லார் பேரும் ரிஜிஸ்டர்ல ஏறும். யாருக்கும் டோஸ் கிடைக்காது. அவர் மேல தப்பே கிடையாது, நாம கேக்கற கணக்கு அப்படி. தலையை எண்ணினா தலைதான் கிடைக்கும், நடை கிடைக்காது.

இந்த இடத்துல ஒருத்தர் கண்டிப்பா கேப்பார், "வீட்டு ஆளுங்களுக்குச் சொல்லிக் கொடுத்துட்டா போதாதா?" நியாயமான கேள்வி. இதையே நம்ம நாட்டுல சோதிச்சுப் பார்த்திருக்காங்க. அட்டெண்ட்னு பேரு, 2017-ல லான்செட்ல வந்துச்சு. இந்தியாவுல 14 ஆஸ்பத்திரி, 1250 நோயாளிகள். பாதிப் பேருக்கு வழக்கமான வைத்தியத்தோட, குடும்பத்துல ஒருத்தருக்குப் பயிற்சியும் கொடுத்தாங்க. ஆறு மாசம் கழிச்சு இறந்தவங்களும் அடுத்தவங்களை நம்பி இருக்கறவங்களும் எத்தனை பேர்னு பார்த்தா, ரெண்டு பக்கமும் 47 சதவீதம். வித்தியாசமே இல்ல.

படிச்சப்ப எனக்குக் கொஞ்சம் கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஆனா யோசிச்சுப் பாருங்க, அந்த "குடும்பத்துல ஒருத்தர்" யாரு? நம்ம ஊர்ல அது மனைவி, இல்லைன்னா மருமக. காலையில மாட்டைப் பார்க்கணும், சோறாக்கணும், கூலிக்குப் போகணும், சாயங்காலம் தண்ணி பிடிக்கணும். இதுக்கு நடுவுல எழுபது கிலோ மாமனாரை நிக்க வச்சு, விழாம புடிச்சு, பத்து தடவை எழுப்பி உக்கார வைக்கணும். அவர் கோவப்படுவார், அழுவார், "என்னை விட்டுரு தாயி"ம்பார். இது பாசம் இருந்தா நடந்துரும்னு விடற வேலை இல்லீங்க. குடும்பம் கூட நிக்கணும், சந்தேகமே இல்ல. ஆனா தொழில் தெரிஞ்ச ஆளு திரும்பத் திரும்ப வந்து, "இதுவரைக்கும் வந்துட்டீங்க, இனி இதைப் பண்ணுங்க"ன்னு அடுத்த படிக்கு ஏத்தணும். அதை மருமக தலையில கட்டிட்டு அரசாங்கம் கை கழுவக் கூடாது.

இன்னொரு வாதம் (வியாதி இல்ல, பேச்சு!): "மூணு மாசம் தாண்டிருச்சு, இனிமே ஒண்ணும் ஆகாது." இது முழுப் பொய்யும் இல்ல. கோபன்ஹேகன்ல 1995-ல வந்த ஆய்வுல, 95 சதவீதம் பேருக்கு நடை எவ்வளவு திரும்புமோ அவ்வளவும் முதல் 11 வாரத்துலயே திரும்பிருச்சுன்னு பார்த்தாங்க. அதனால முதல் மூணு மாசம் பொன்னு மாதிரி, வீணாக்கக் கூடாது. ஆனா கதவு அதோட பூட்டிடறதில்ல. மேல சொன்ன லீப்ஸ் ஆய்வுல ஒரு குழுவுக்கு ட்ரெட்மில் பயிற்சியை ஆறு மாசம் கழிச்சுத்தான் ஆரம்பிச்சாங்க. வருஷக் கடைசியில அவங்களும் மத்தவங்க அளவுக்கு வந்து சேர்ந்துட்டாங்க. ஆகவே பழைய கட்டில்காரங்களையும் கணக்குல சேருங்க.

அதுக்காக "முதல் நாளே எழுப்பி நடக்க விடு"ன்னு யாரும் கிளம்பிடாதீங்க. 2015-ல அவெர்ட்னு ஒரு ஆய்வு வந்துச்சு, அஞ்சு நாடு, 2104 பேர். முதல் 24 மணி நேரத்துக்குள்ளயே ஆரம்பிச்சு அடிக்கடி, அதிகமா எழுப்பி நடக்க வச்சவங்களுக்குப் பலன் குறைவாத்தான் இருந்துச்சு. முதல் நாள்ல டாக்டர் சொல்ற அளவுதான் அளவு. பொன்னான நேரம்னு நான் சொன்னது அதுக்கப்புறம் வர்ற வாரங்களை.

வீட்டுல யாருக்காவது இப்படின்னா, எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததுல நாலு விஷயம்:

1. வலுவிழந்த கையைப் புடிச்சு இழுத்துத் தூக்காதீங்க. தோள் மூட்டு இறங்கிரும், அப்புறம் வலியில பயிற்சியே நின்னுரும். இடுப்புல ஒரு துண்டை இறுக்கிக் கட்டி அதைப் புடிங்க. வாதம் வந்த பக்கமா நில்லுங்க.

2. கைத்தடி நல்ல கையில இருக்கணும்.

3. படி ஏறும்போது நல்ல கால் முதல்ல. இறங்கும்போது வாதம் வந்த கால் முதல்ல.

4. விழறதைப் பத்தி முன்னாடியே யோசிங்க. லீப்ஸ்ல பாதிக்கு மேல ஆளுங்க அந்த ஒரு வருஷத்துல ஒரு தடவையாவது விழுந்தாங்க. நடக்க ஆரம்பிச்சாத்தான் விழறதும் வரும். பாத்ரூம்ல ஒரு கைப்பிடிக் கம்பி, வழுக்காத தரை, ராத்திரியில ஒரு லைட். செலவு கொஞ்சம்தான்.

சரி, எண்ணிக்கை தப்புன்னு சொன்னா மட்டும் போதுமா, வேற என்னத்தை எண்ணறது? அதுக்கு ஒரு வழி ரொம்ப நாளாவே இருக்கு. பத்து மீட்டர் நடை. தெருவுல பத்து மீட்டர் அளந்து ரெண்டு கோடு போடுங்க. கோட்டுக்குக் கொஞ்சம் முன்னாடி இருந்தே நடக்கச் சொல்லி, இந்தக் கோட்டுக்கும் அந்தக் கோட்டுக்கும் நடுவுல எத்தனை செகண்ட்னு செல்போன்ல பாருங்க. 25 செகண்டுக்கு மேல ஆச்சுன்னா அவர் நடை வீட்டுக்குள்ளதான். 25-ல இருந்து 12.5-க்குள்ளன்னா வெளியில கொஞ்ச தூரம், கொஞ்சம் உதவியோட. 12.5-க்குக் கீழ வந்துட்டா கடை கண்ணி, பஸ் ஸ்டாப்புன்னு தானே போவார். ஜாக்குலின் பெர்ரிங்கற டாக்டர் அம்மாவும் கூட்டாளிகளும் 1995-ல வகுத்த அளவு இது. உலகம் பூரா இன்னிக்கும் இதை வச்சுப் பார்க்கறாங்க. செலவு? ஒரு சாக்பீஸ்.

இதைத்தான் நான் கேக்கறேன். ரிஜிஸ்டர்ல ஒவ்வொரு பேருக்கு நேராவும் மூணே மூணு கட்டம் போடுங்க. எத்தனை தடவை போனோம். முதல் நாள் பத்து மீட்டருக்கு எத்தனை செகண்ட். மூணு மாசம் கழிச்சு எத்தனை செகண்ட். நிக்கவே முடியாதவருக்கு, சேர்ல இருந்து தானா எழுந்திரிச்சாரா இல்லையான்னு எழுதுங்க. வருஷக் கடைசியில அறிக்கை விடும்போது "இத்தனை லட்சம்"னு சொல்றதோட, "இத்தனை பேர் வீட்டு வாசலைத் தாண்டினாங்க"ன்னும் சொல்லுங்க. அந்த நம்பர் சின்னதா இருக்கும். இருக்கட்டும், நிஜமா இருக்குமே.

ரெண்டாவது, வட்டாரத்துக்கு இன்னொரு பிசியோதெரபிஸ்ட். என் கணக்குப்படி 32 ரெட்டிப்பானா 64. அம்பதைத் தொட்டுரலாம். தமிழ்நாட்டுல வட்டாரங்கள் சுமாரா 385. ஆக இன்னொரு 385 பேருக்கு வேலை. பிசியோதெரபி படிச்சுட்டு சொற்ப சம்பளத்துல அல்லாடற பிள்ளைங்களை எனக்கே தெரியும். ஆளுக்குப் பஞ்சம்னு யாரும் சொல்ல முடியாது.

மூணாவது, கொஞ்சம் தேறி ஆட்டோ ஏற முடிஞ்சவங்களை வாரம் ரெண்டு நாள் ஆரம்ப சுகாதார நிலையத்துல ஒண்ணா வரச் சொல்லிக் குழுவாப் பயிற்சி கொடுக்கலாம். ஒருத்தர் சேர்ல எழுந்து உக்கார, ஒருத்தர் படி ஏற, ஒருத்தர் கோட்டு மேல நடக்க, அப்படியே சுத்தி வர்றது. இப்படிக் குழுவாச் செஞ்சாலும் நடை முன்னேறுதுன்னு ஆய்வுகள் சொல்லுது. ஒரு பிசியோ நேரத்துல ஆறு பேர். கூடவே இன்னொரு லாபம், "எனக்கு மட்டும்தான் இப்படி"ங்கற நினைப்பு போயிரும். பக்கத்து ஊர்க்காரர் நேத்து அஞ்சு அடி வச்சார்னா, நம்ம ஆளு இன்னிக்கு ஆறு வைக்காம விடுவாரா? நம்ம ஜனங்களைப் பத்தி உங்களுக்குத் தெரியாததா :-)

காசு எங்கன்னு கேப்பாங்க. கட்டில்ல கிடக்கறவரோட கூலி போச்சு, அவரைப் பார்த்துக்க வீட்டுல இருக்கறவங்க கூலி போச்சு, பேத்தி பள்ளிக்கூடம் போறது பாதியில நின்னுச்சு. அந்தக் காசையும் யாராவது கணக்குல எழுதிட்டு அப்புறம் பேசட்டும். எந்தக் கட்சி ஆட்சியா இருந்தாலும் நான் கேக்கறது இதேதான். வீட்டுக் கதவு வரைக்கும் வந்துட்டீங்க, அதுக்கு ஒரு கும்பிடு. கட்டிலைக் காலி பண்ற வரைக்கும் வாங்க.

உங்க ஊர்ல எப்படிங்க? வீட்டுக்குப் பிசியோ வர்றாங்களா, எத்தனை தடவை வந்தாங்க, ஆளு நடந்தாரா? பின்னூட்டத்துல எழுதுங்க. "நல்ல பதிவு"ன்னு மட்டும் போட்டுட்டு ஓடிடாதீங்க, எண்ணிக்கையோட எழுதுங்க.

டிஸ்கி: மேல இருக்கறது ஒரு சாதாரண ஆளோட கருத்துதான். எந்தப் பயிற்சியா இருந்தாலும் பிசியோதெரபிஸ்ட் ஒரு தடவை நேர்ல பார்த்துச் சொன்னப்புறம் ஆரம்பிங்க. திடீர்னு வாய் கோணிச்சு, கை தொங்கிச்சு, பேச்சு குழறிச்சுன்னா பதிவெல்லாம் படிச்சுட்டு இருக்காதீங்க, உடனே 108-ஐக் கூப்பிடுங்க. கட்டி கரைக்கற ஊசி போட நாலரை மணி நேரத்துக்குள்ள போய்ச் சேரணும்.